பிணம் சுமக்கும் அரசனும் கொழுந்து சுமக்கும் அம்மாவும்

பழைய அம்புலிமாமா சிறுவர் இதழ்களில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன்–வேதாளம் படங்களைப் பார்த்தே வரையப் பழகினேன். பார்த்து வரைந்தால் வருகிறது, சொந்தமாக வரைந்தால் உருவம் உயிரில்லாமல் நிற்கிறது. நான் ஓவியராக முடியுமா? – உயர்தர மாணவி, ஹட்டன்

முடியும் மகள். பார்த்து வரைவதை விட்டுவிடாதீர்கள். கை அப்படித்தான் பழகும். ஆனால் கோட்டை மட்டும் பார்க்காமல் பாரத்தைப் பாருங்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள். அந்த அரசனின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது? வேதாளத்தை நாம் நம்புவது அந்த உடம்பால்தான். சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 1940களில் சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்று, கலைமகள் இதழில் வரைந்து, அதன்பிறகே அம்புலிமாமாவுக்கு வந்தவர். 2020இல் மறைந்தார், மறுவருடம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பாரம் சுமக்கும் உடம்பு உங்கள் மலையில் தினமும் நடக்கிறது. கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும் பெண்களைக் கறுப்புப் பேனையால் வேகமாகக் கீறுங்கள். முகம் வேண்டாம், முதுகும் முழங்காலும் போதும். கொப்பி நிறையட்டும். பிறகு கூடையை எடுத்துவிட்டு அங்கே வேதாளத்தை ஏற்றுங்கள். வேதாளத்தின் காட்டை வரையப் பனிமூட்டமும் சவுக்கு மரமும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன.

உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருந்தால், மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தமிழிலேயே ஓவியம் படிக்கலாம். அங்கே சேர்வதற்கான உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தக் கொப்பிகளே நல்ல பயிற்சி.