சிவப்பு விளக்கு அணையாத கீசர்

ஊரில் இருந்தவரை வெந்நீர் என்றால் விறகடுப்பில் அண்டாவை ஏற்றுவதுதான். சூடு போதுமா என்று சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. பாட்டி விரலை விட்டுப் பார்த்து, "போதும், அடுப்பை இழுங்க" என்பார். பெங்களூரில் குடியேறிய நம் வீடுகளில் அந்த விரலின் வேலையைக் கீசருக்குள் இருக்கும் தெர்மாஸ்டாட் பார்க்கிறது. அது தன் வேலையை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஜனவரியில், ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாதம் மின்கட்டணச் சீட்டைப் பார்த்ததும் திகைத்துப் போனோம். வழக்கமாக 175 யூனிட்டுக்குள் முடிவது 214 ஆகியிருந்தது. கர்நாடகத்தில் 2023இல் கிருஹ ஜோதி திட்டம் தொடங்கியபோதே ஒரு நிபந்தனை உண்டு: மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய 14 யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் பணம் கட்டவேண்டும். எங்கள் சந்தேகம் உடனே அம்மாவின் மேல் விழுந்தது. திருவண்ணாமலையிலிருந்து பொங்கலுக்கு முன்பே வந்திருந்தார். விடிகாலையில் முதலில் குளிப்பவர் அவர்தான்.

"அத்தை கீசரை அணைக்க மறந்துடறாங்கபோல" என்றாள் மனைவி. நானும் யோசிக்காமல், "ஏம்மா, குளிச்சதும் சுவிட்சை அணைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"அணைச்சுட்டுதான்டா வர்றேன். தண்ணி கொதியா கொதிக்குது. குழாயைத் திறந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வருது. நாலு நாளா சொல்றேன், யார் காதுல விழுது?" என்றார். வயதானவர்களுக்குச் சூடு அதிகமாகத் தெரியும் என்று அதையும் தள்ளிவிட்டேன். நோயின் முக்கிய அறிகுறியே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஓடவேண்டும்?

ஞாயிறன்று கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். கீசர் அதிக நேரம் ஓடுகிறது என்று சொல்வதற்கு முன், சரியான நேரம் எவ்வளவு என்று தெரியவேண்டும் அல்லவா? பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. எங்கள் கீசர் 15 லிட்டர். காலையில் தொட்டி நீர் 22 டிகிரி. சூடாக வேண்டியது 60 வரை, அதாவது 38 டிகிரி. 15 × 38 × 4.2 = 2394 கிலோஜூல். 2000 வாட் கீசர் நொடிக்கு 2 கிலோஜூல் தரும். ஆக 1197 நொடி, ஏறக்குறைய 20 நிமிடம். செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. 25 லிட்டர் கீசராக இருந்தால் இதே கணக்கில் 33 நிமிடம்.

யாரும் குழாயைத் திறக்கவில்லை. 20 நிமிடம் ஆயிற்று, 35 ஆயிற்று, 50 ஆயிற்று. சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே இரைச்சல் கேட்டது. அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் குளியலறைப் பக்கம் போகவேண்டாம் என்றேன்.

நோய் இரண்டு வகை

விளக்கு நெடுநேரம் எரிந்தால் அதற்கு நேர்மாறான இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

முதல் வகை: நீர் சூடாகவே நேரமாகிறது, கடைசியில் விளக்கு அணைந்துவிடுகிறது. இதில் போவது பெரும்பாலும் பணம்தான். காரணங்கள் சில:

1. மின்னழுத்தக் குறைவு. குளிர்கால விடியலில் தெரு முழுவதும் கீசர் போட்டால் வோல்டேஜ் இறங்கும். 230க்குப் பதில் 190 வந்தால், 2000 வாட் கீசர் சுமார் 1365 வாட்தான் தரும். 20 நிமிட வேலைக்கு 29 நிமிடம் ஆகும்.

2. வெந்நீர்க் குழாயில் கசிவு. சூடான நீர் வெளியேற, குளிர்ந்த நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சமையலறைக் குழாயையும் பாருங்கள்.

3. பழுது பார்த்தபோது குறைந்த வாட் எலிமென்ட் போட்டிருப்பது. இதைக் கீசரைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின்மீட்டரில் மினுக்கும் சிறு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1600 மினுக்கல் என்று அச்சிட்டிருக்கிறது. எனவே 2000 வாட்டுக்கு நிமிடத்தில் 53 மினுக்கல் வரவேண்டும். வோல்டேஜ் சரியாக இருந்தும் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் எலிமென்ட்டைச் சந்தேகிக்கலாம்.

4. தெர்மாஸ்டாட் குமிழை மிக அதிகத்தில் வைத்திருப்பது. 55 முதல் 60 டிகிரி வீட்டுக்குப் போதும்.

இரண்டாம் வகை: நீர் அளவுக்கு மேல் கொதித்தும் விளக்கு அணையவில்லை. தெர்மாஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்று பொருள். இதில் போவது உயிராக இருக்கலாம். குழாயில் ஆவி சீறுவது, தொட்டியில் கொதிக்கும் இரைச்சல், பாதுகாப்பு வால்வில் சுடுநீர் சொட்டுவது ஆகியவை அறிகுறிகள். உடனே சுவிட்சை அணையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் சில மணி நேரம் ஆறவிடுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்கவேண்டாம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

உள்ளே இருந்தது என்ன?

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டுத் திறந்தார். தெர்மாஸ்டாட்டின் இரு முனைகளும் தீப்பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஆனால் காப்பாற்றுவதற்கென்றே தெர்மல் கட்-அவுட் என்ற இரண்டாவது காவலாள் உண்டு. முன்பு பழுது பார்த்தவர் அதை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக இணைத்திருந்தார். மூன்றாவது காவலாள், அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு. அதன் வாய் வெள்ளைப் படிவால் பாதி அடைத்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா முழுசா அடைச்சிருக்கும் சார்" என்றார்.

அழுத்தம் வெளியேற வழியில்லாத தொட்டியில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் சூடேறும். தொட்டி பிளந்தால் அந்த நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் 1600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். குளியலறை தாங்குமா?

வெள்ளைப் படிவு எங்கிருந்து வந்தது? பெங்களூருக்குக் காவிரி நீர் 1974இல் வரத் தொடங்கியது. ஆனாலும் பல வீடுகளில் போர்வெல்லும் டேங்கர் லாரியும் இன்றி நாள் ஓடுவதில்லை. 2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். போர்வெல் நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்பு, சூடேறும்போது சுண்ணாம்பாகப் படிகிறது. சூடு கூடக்கூடப் படிவும் கூடும். அது எலிமென்ட்டைப் போர்த்திக்கொண்டால் எலிமென்ட் உள்ளுக்குள் அதிகமாகச் சூடாகிக் கருகும். போர்வெல் நீர் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறை கீசரைத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. சுத்தம் செய்த பிறகு வெந்நீர்க் குழாயில் தடையின்றி நீர் வருவதைப் பார்த்த பின்பே சுவிட்சைப் போடவேண்டும். வெறும் தொட்டியில் எலிமென்ட் எரிந்துபோகும்.

வெளிநாட்டு உறவினருக்கும் இதே கேள்வி

டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, அவன் வீட்டு ஃபர்னஸும் நிற்காமல் ஓடியதைச் சொன்னான். அங்கும் முதல் கேள்வி இதுதான்: வீடு சூடாகாமல் ஓடுகிறதா, சூடான பிறகும் ஓடுகிறதா? சூடாகவில்லை என்றால் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம், ஜன்னல் இடுக்கில் குளிர் புகலாம். கடும் பனி நாளில் நெடுநேரம் ஓடுவது இயல்பாகவும் இருக்கலாம். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் தெர்மாஸ்டாட்டைப் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் கேஸ் கீசர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. காற்றோட்டமில்லாத குளியலறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் அறியாமலே மயங்கிவிடுவார். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள்.

எங்கள் வீட்டில் புதிய தெர்மாஸ்டாட், கட்-அவுட், வால்வு மூன்றையும் மாற்றினோம். இப்போது 21 நிமிடத்தில் விளக்கு அணைகிறது. அன்று மாலை அம்மாவிடம், "நீ சொன்னதுதாம்மா சரி, தப்பு என்மேல்தான்" என்றேன். "அதை விடு. நாளைக்கு விளக்கு அணையுதான்னு நின்னு பாரு" என்றார்.

அன்பர்களே, வரும் ஞாயிறன்று நீங்களும் ஒருமுறை கடிகாரத்துடன் நின்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள், "தண்ணி ரொம்பக் கொதிக்குது" என்று சொன்னால், முதலில் சுவிட்சை அணையுங்கள். கட்டணச் சீட்டைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.