நம்ம சொந்த எடையை யார் கணக்குப் போடுறது?

இந்த மாத வாசிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு மன அழுத்தம். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, மூச்சை இழுத்து விடு, பாசிட்டிவா யோசி, அவ்வளவுதானே"ன்னு சிலர் நினைக்கலாம். அந்த மாதிரி அறிவுரை கேட்டுக் கேட்டு எனக்கும் காது புளிச்சுப் போச்சு. அதனால கொஞ்சம் வேற வழியாக உள்ளே போவோம்.

பொறியியல் படிப்பவர்களுக்கு ஸ்ட்ரெஸ் என்பது முதலில் ஒரு கணக்கு. ஒரு பொருள் மேல் விழும் விசையை, அது தாங்குகிற பரப்பால் வகுத்தால் வருவது ஸ்ட்ரெஸ். அதனால் அந்தப் பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பது ஸ்ட்ரெயின். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதைத் தகைவு, திரிபு என்று அழகாகச் சொல்வார்கள். இந்தச் சொல்லை மனுஷ உடம்புக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் ஆராய்ச்சி செய்தவர். 1936இல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். குளிர், காயம், விஷம் எனத் தொல்லை எதுவாக இருந்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டுகிறது என்பது அதன் சாரம். அழுத்தம் வெளியிலிருந்து வருவது, திரிபு நமக்குள்ளே நடப்பது. நாம ரெண்டையும் சேர்த்து "செம ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம்.

சரி, தேக்காவுக்கு வருவோம். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாச பெருமாள் கோவிலுக்கு நாம எல்லோரும் போயிருக்கிறோம். அங்கிருந்து சில நிமிட நடையில் ஓவன் ரோடு சந்திப்பு இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஒரு ஹோட்டல் நிற்கிறது. அதே இடத்தில் முன்பு லியன் யாக் பில்டிங் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே ஒரு வங்கி, அதற்கு மேல் ஒரு நைட் கிளப், அதற்கும் மேலே ஹோட்டல் நியூ வேர்ல்ட். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில், ஒரு நிமிஷத்துக்குள் அந்தக் கட்டடம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்துபோனார்கள். 17 பேர் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். அப்போது எம்ஆர்டி சுரங்கப் பாதைகள் தோண்டிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தாங்களாகவே முன்வந்து, இடிபாடுகளுக்குள் குடைந்து உள்ளே போய் ஆட்களைத் தேடினார்கள். உங்க தாத்தா பாட்டி அந்தக் காலத்தில் இங்கே இருந்திருந்தால் கேட்டுப் பாருங்க, கண்டிப்பா ஞாபகம் இருக்கும்.

ஏன் விழுந்தது? விசாரணையில் பல காரணங்களை ஆராய்ந்தார்கள். மாடியில் வைத்த ஏர்கான் கருவிகள், வங்கியின் பெட்டகம், பிற்பாடு வெளிச்சுவரில் ஒட்டிய ஓடுகள் என்று, கட்டி முடித்த பிறகு ஏற்றிய சுமைகள் நிறைய. ஆனால் அவை முக்கியக் காரணம் இல்லை. கட்டமைப்புக் கணக்கில் ஆட்கள், சாமான்கள் போன்ற வந்துபோகும் எடையை, அதாவது லைவ் லோடை, சேர்த்திருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையை, டெட் லோடை, சேர்க்கவே இல்லை. கான்கிரீட்டும் செங்கல்லுமாக அது தன்னைத்தானே சுமக்க வேண்டிய எடை கணக்கிலேயே வரவில்லை!

இன்னொன்றையும் கவனிங்க. அந்தக் கட்டடம் 1971இல் கட்டி முடிந்தது. தப்பான கணக்கோடு 15 வருஷம் நின்றது. பார்ப்பவர்களுக்கு அது நல்ல கட்டடம்தான்.

மன அழுத்தத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதைத்தான். யாராவது "என்னடா பிரச்சினை"ன்னு கேட்டா, நாம லைவ் லோடை மட்டும் சொல்லுவோம். அடுத்த வாரம் மிட் டெர்ம், புராஜெக்ட் டெட்லைன், மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் அனுப்புறார், இப்படி. இவை வரும், போகும். ஆனால் தினமும் சுமந்துகொண்டே இருப்பதால் சுமையென்றே தோன்றாத சில விஷயங்கள் இருக்கின்றன. ஐந்து மணி நேரத் தூக்கம். போகவர ரெண்டு மணி நேரப் பயணம். "உங்க மாமா பையன் என்ன பண்றான் பாரு" என்று வீட்டில் பத்து வருஷமாகக் கேட்கும் ஒப்பீடு. அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மாவோட கடன், தம்பியோட டியூஷன் பீஸ். ஆங்கிலத்தில் பேசினால் தன் உச்சரிப்பைச் சிரிப்பார்களோ என்ற பயம். நல்ல பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டதால் "முடியாது"ன்னு சொல்லவே தெரியாமல் போனது. இதையெல்லாம் யாரும் காலண்டரில் எழுதி வைப்பதில்லை. அதனால் ஒரு சாதாரண அசைன்மென்ட்டுக்கு உடைந்து அழும்போது, "இதுக்குப் போயா அழுவாங்க"ன்னு நம்மை நாமே கேவலமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அழ வைத்தது அந்த அசைன்மென்ட் இல்லை.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆபத்து என்று மூளை முடிவெடுத்தவுடன் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து முதலில் அட்ரினலின் பாயும். இதயம் வேகமாகத் துடிக்கும், வாய் உலரும், கை வேர்க்கும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் ஏறி, ரத்தத்தில் சர்க்கரையைத் தயாராக வைக்கும். புலி துரத்தினால் ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. கார்டிசால் இயல்பாகக் காலையில் கூடி, இரவில் இறங்க வேண்டியது. ராத்திரி ஒரு மணிக்கும் நாம் போனும் கையுமாக இருந்தால், அந்தத் தாளம் கெடுகிறது. காப்பியும் அப்படித்தான். காஃபின் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு, பதினொன்றுக்குத் தூக்கம் வரலையேன்னு புலம்பினால் எப்படி?

வாய் உலர்வது, உடம்பு நடுங்குவது என்றதும் கீதை வகுப்புக்கு வருபவர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். முதல் அத்தியாயத்தில் 28 முதல் 30 வரை உள்ள சுலோகங்களில் அர்ஜுனன் தன் நிலையைச் சொல்வதைப் படித்துப் பாருங்கள். கால் கை தளர்கிறது, வாய் வறள்கிறது, மயிர் கூச்செறிகிறது, தோல் எரிகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, மனசு சுழல்கிறது. இன்றைக்கு ஒரு டாக்டர் எழுதுகிற குறிப்பு போலவே இருக்கிறது. அவன் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் முதல்தர வில்லாளி. திறமை இருக்கிறவனுக்கு இதெல்லாம் வராது என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். அவனை முறித்தது எதிரிப் படையின் அளவா? இல்லை. எதிரே நிற்பது தாத்தா, குரு, சொந்தக்காரர்கள். வருஷக்கணக்காக மனசுக்குள் இருந்த பாசமும் கடமையும் ஒன்றோடொன்று மோதின. அதுதான் அவனுடைய டெட் லோடு.

நாம கீதை என்றாலே "பலனை எதிர்பாராதே" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சொல்லப்போனால், பரீட்சைக்கு முந்தின நாள் ஒருத்தரிடம் அதைச் சொல்வதால் பெரிதாகப் பயன் இல்லை என்பது என் கருத்து. ஆறாவது அத்தியாயத்தில் 16, 17 என்று இரண்டு சுலோகங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் போஸ்டரில் போடுவதில்லை. அளவு மீறிச் சாப்பிடுகிறவனுக்கும் சாப்பிடாமலே இருக்கிறவனுக்கும், ரொம்பத் தூங்குகிறவனுக்கும் தூங்காமலே விழித்திருக்கிறவனுக்கும் யோகம் கைகூடாது என்று கண்ணன் சொல்கிறார். உணவு, உறக்கம், வேலை, ஓய்வு எல்லாவற்றிலும் அளவு வேண்டும் என்கிறார். தியானத்தைப் பற்றிச் சொல்லும் அதே அத்தியாயத்தில் சாப்பாடும் தூக்கமும் வந்துவிடுகின்றன. அதே அத்தியாயத்தில்தான், மனசு காற்றைப் போல, அதை எப்படிப் பிடிப்பது என்று அர்ஜுனன் கேட்கிறான். அது கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டு, பயிற்சியையும் பற்றின்மையையும் வழியாகச் சொல்கிறார். "ரொம்ப சுலபம்"னு எங்கேயும் சொல்லவில்லை.

பயிற்சி என்றால் பெரிதாக எதுவும் வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. அதனால் உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீட்டினால் போதும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்க. ஐந்து நிமிஷம். எம்ஆர்டியில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு இதை மட்டும் செய்வது, தூணைச் சரிசெய்யாமல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

இனி வேலை இடம். எல்லாவற்றையும் தனி மனுஷன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் ஒரு கருத்தை வைத்தார். வேலை அதிகம் என்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. வேலை அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் ஆபத்து. சக மனிதரின் ஆதரவு இருக்கிறதா என்பதையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் கொடுத்தபோதும், அது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வருவது என்று வேலையோடு சேர்த்துத்தான் சொன்னது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வுக் கட்டுரை தேவையில்லை, தைப்பூசம் போதும். பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி தூக்கிப் போகிறார்கள். உடம்புக்கு அது சின்னச் சுமையா? ஆனால் முடித்துவிட்டு வருபவர் முகத்தைப் பார்த்தால் இரண்டு வாரம் ஓவர்டைம் பார்த்தவர் முகம் மாதிரி இருப்பதில்லை. அந்தச் சுமையை அவரே தேர்ந்தெடுத்தார். விரதம் இருந்து நாள்கணக்காகத் தயாரானார். எடை ஒரே இடத்தில் இறங்காமல் தோள், இடுப்பு என்று பரவுகிறது. விசை அதேதான், பரப்பு கூடுகிறது. பக்கத்தில் குடும்பமும் கூட்டாளிகளும் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். முக்கியமாக, எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

உங்க வேலையிலோ படிப்பிலோ இந்த ஐந்தில் எது இல்லை என்று பாருங்க. அடுத்த முறை மேனேஜரிடமோ குரூப் மேட்டிடமோ பேசும்போது "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்பதை விட, "இந்த மூணு வேலையில் எது முதல்ல வேணும், எப்ப முடிஞ்சதா எடுத்துக்கலாம்?" என்று கேட்பது பலன் தரும். 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர்கள் முறைப்படி கேட்கவும், முதலாளி அதை முறையாகப் பரிசீலிக்கவும் முத்தரப்பு வழிகாட்டிகள் இருக்கின்றன. கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. கேட்பது தப்பில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் பார்க்கும் ஊர் அண்ணன்மாரையும் இங்கே நினைக்க வேண்டும். பலர் ஏஜென்ட்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவர்கள். எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்பதில் அவர்களுக்குப் பெரிதாகச் சொல் இல்லை. வட்டி மாத்திரம் தூங்காமல் ஓடுகிறது. அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், "சாப்டீங்களா அண்ணே, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா"ன்னு உட்கார்ந்து கேட்கலாம்.

மறுபடி அந்தக் கட்டடம். இடிவதற்கு முன்பே விரிசல்கள் தெரிந்தன என்பது விசாரணையில் வந்தது. கான்கிரீட் மேல் அதிகப்படியான சுமை தொடர்ந்து இருந்தால், உள்ளே நுண்ணிய விரிசல்கள் மெதுவாக வளரும். நமக்கும் விரிசல் தெரியும். சின்ன விஷயத்துக்குத் தங்கச்சி மேல் எரிந்து விழுவது, பிடித்த பாட்டைக் கேட்கக்கூட மனசில்லாமல் போவது, அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, கூட்டாளிகள் மெசேஜுக்குப் பதில் போடாமல் இருப்பது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டு வாரமாகவே இப்படியென்றால் பெயின்ட் அடிக்காதீங்க.

அந்த விபத்துக்குப் பிறகு 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவர் கணக்கை அங்கீகாரம் பெற்ற வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகும் குடியிருப்புகளைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறையும், மற்ற கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளராக இருந்தாலும் தன் கணக்கைத் தானே சரிபார்த்தால் போதாது என்று நாடே முடிவெடுத்துவிட்டது. மனசு விஷயத்தில் மட்டும் "நானே பார்த்துக்கிறேன்" என்று ஏன் அடம் பிடிக்கிறோம்? அக்கா, அண்ணன், கோவில் வகுப்பு ஆசிரியர், பல்கலைக்கழக கவுன்சிலர், பாலிகிளினிக் டாக்டர், யாராவது ஒருவர் உங்க கணக்கைப் பார்க்கட்டும். நள்ளிரவில் யாரும் இல்லையென்றால் 1771 தேசிய மனநல உதவி எண். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீங்க, 1767க்கு எஸ்ஓஎஸ் அமைப்பை அழையுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வேலை. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் இந்த மாதம் வந்துபோகும் சுமைகளையும், மறு பக்கம் எப்போதும் இருக்கும் சுமைகளையும் எழுதுங்கள். இரண்டாவது பக்கம் சீக்கிரம் நிரம்பாது, ரெண்டு மூணு நாள் எடுத்துக்கோங்க. அதில் குறைக்கக்கூடியது ஒன்று, பகிரக்கூடியது ஒன்று, இப்போதைக்குச் சுமக்கத்தான் வேண்டும் என்பது ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. வட்டத்தில் பேசப் போவது ஒரே கேள்வி: நம்ம வீடுகளில் பெரியவர்கள் சுமக்கும் டெட் லோடு என்ன, அதை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?