புது சைக்கிள் வந்தாச்சா? முதல்ல எதை மாட்டணும், எது அப்புறம்?

போன வருஷம் என் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்துல சைக்கிள் கொடுத்தாங்க. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிக்கும் மாணவ, மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி. அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி, "சைக்கிளுக்கு ஏதாவது வாங்கிக்கணும், காசு அனுப்பு"ன்னு கேட்டா. சென்னையிலிருந்து 1,000 ரூபாய் அனுப்பினேன்.

என்ன வாங்கினாள் தெரியுமா? முன்னால ஒரு கூடை. ஹேண்டில்பார் முனையில குஞ்சம். ஸ்போக்ஸ் கம்பியில கோக்குற கலர் மணி. அமுக்கினா ஆறு விதமா கத்துற ஹாரன். பஞ்சு வச்ச சீட் கவர். போட்டோ எடுத்து அனுப்பினப்போ எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

நவம்பர் மாசம். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஆறே கால் மணிக்கு வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தா. மழை மூட்டம், நல்லா இருட்டிடுச்சு. பின்னால வந்த மினி லாரி கடைசி நொடியில பிரேக் அடிக்க, இவள் பதறிப்போய் ரோட்டோரச் சேத்துல விழுந்துட்டா. முழங்கால் சிராய்ப்போட போச்சு. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்து தூக்கிவிட்டு, "கிட்ட வர்ற வரைக்கும் நீ இருக்கிறதே தெரியலம்மா"ன்னு கை நடுங்கச் சொல்லியிருக்கார். பின் மட்கார்டுல ரிஃப்ளெக்டர் இருந்துச்சு. ஆனா கேரியர்ல கட்டின புத்தகப் பை தொங்கி அதை மறைச்சிடுச்சு.

அம்மா போன்ல திட்டவே இல்லை. "ஒரு லைட்டு வாங்கணும்னு நம்ம யாருக்குமே தோணலையே"ன்னு மட்டும் சொன்னாங்க.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியரா இருந்த காலத்துல, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம். அப்போ வாடகை சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுப் பழகினவங்க எங்க அம்மா. அடுத்த விடுமுறையில நான் ஊருக்குப் போனதும், மூணு பேருமா எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர்கிட்ட போய் உக்காந்தோம். அன்னைக்கு அவர் செஞ்சு காட்டினதையும், அதுக்கப்புறம் நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இங்கே வரிசையா எழுதியிருக்கேன். பள்ளியில வாங்கினதா இருந்தாலும், கடையில வாங்கினதா இருந்தாலும், புது சைக்கிள்னா இது எல்லாருக்கும் பொருந்தும்.

ஓட்டுறதுக்கு முன்னால: பத்து நிமிஷப் பரிசோதனை

புது சைக்கிள்தானே, எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. பாகங்களா வந்ததைத்தான் ஒருத்தர் கோத்து முடுக்கியிருப்பார். ஒரு நட் லூசா இருக்க வாய்ப்பு உண்டு.

சக்கரம்: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுத்திவிடுங்க. பிரேக் கட்டையில உரசாம நேராச் சுத்தணும். பாம்பு மாதிரி நெளிஞ்சா கோட்டம் எடுக்கணும். சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. பின் சக்கரத்துக்கும் இதே மாதிரி பாருங்க.

பிரேக்: லீவரை முழுசா அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மைத்தான் பிடிக்கணும். டயர்ல பட்டா டயர் அறுந்துபோகும். ரெண்டு பிரேக்கையும் தனித்தனியாப் பிடிச்சு, சைக்கிளைத் தள்ளிப் பாருங்க.

ஹேண்டில்பார்: முன் சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க. சக்கரம் நிக்க, ஹேண்டில் மட்டும் திரும்பினா ஸ்டெம் போல்ட் லூஸ்னு அர்த்தம். அதோட ஓட்டாதீங்க.

பெடல்: இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. வலது பெடலுக்கு வழக்கமான மரை, கடிகாரம் சுத்துற திசையில இறுகும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாம வலுக்கட்டாயமா முறுக்கினா மரை தேஞ்சு கிராங்கையே மாத்த வேண்டி வரும்.

செயின்: நடுவுல விரலால தூக்கிப் பார்த்தா அரை அங்குல அளவுக்கு ஏறி இறங்கணும். ரொம்பத் தொங்கினா கழண்டுவிழும், ரொம்ப விறைப்பா இருந்தா மிதிக்கச் சிரமம்.

காற்று: டயரோட பக்கவாட்டுல எவ்வளவு காற்றுன்னு அச்சடிச்சிருக்கும், அதுதான் கணக்கு. காற்று குறைஞ்ச டயர் பஞ்சராகுறதோட, பள்ளத்துல இறங்கும்போது ரிம்மையும் வளைச்சிடும்.

சீட் உயரம்: உங்க குதிகாலே அளவுகோல்

சீட்ல உக்காந்து, பெடல் கீழே இருக்கும்போது அதுமேல குதிகாலை வையுங்க. கால் நேரா நீளணும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால மிதிச்சா முழங்கால் லேசா மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் ரொம்பத் தாழ்வா இருந்தா ஒரு வாரத்துலயே முழங்கால் வலி ஆரம்பிச்சிடும்.

புதுசா ஓட்டப் பழகுறவங்க மட்டும், ரெண்டு காலும் தரையில படுற மாதிரி சில நாளைக்கு இறக்கி வச்சுக்கலாம். பயம் தெளிஞ்சதும் ஏத்திடுங்க. ஏத்தும்போது சீட் கம்பியில கோடு போட்டிருக்கான்னு பாருங்க. அந்தக் கோடு வெளியே தெரியிற அளவுக்கு ஏத்தக் கூடாது, கம்பி உடைஞ்சுடும்.

காசு குறைவா? வாங்க வேண்டிய வரிசை இதுதான்

எங்க கடைக்காரர் தங்கச்சிகிட்ட ஒரே கேள்விதான் கேட்டார்: "பாப்பா, இந்தச் சாமான்ல எது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்?" புது சைக்கிளுக்குச் சாமான் வாங்கப் போறப்போ நீங்களும் இதையே கேட்டுக்கோங்க.

1. விளக்கு. முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு. முன் விளக்கு நீங்க வழி பார்க்க. பின் விளக்கு உங்களை மத்தவங்க பார்க்க. ஒண்ணுதான் வாங்க முடியும்னா, தெருவிளக்கு இருக்கிற ரோட்டுல பின் சிவப்பு விளக்கையே முதல்ல வாங்குங்க. பின்னால வர்ற வண்டியை நம்மால பார்க்க முடியாதே! செல்போன் சார்ஜர்லயே சார்ஜ் ஏத்துற விளக்குகள் இப்போ சாதாரணமாக் கிடைக்குது. மாட்டினதும் பத்தடி தள்ளி நின்னு பாருங்க: பை, துப்பட்டா, மழைக்கோட்டு எதுவும் அதை மறைக்கக் கூடாது.

2. ரிஃப்ளெக்டர். பின்னால சிவப்பு, முன்னால வெள்ளை, பெடல்ல மஞ்சள். கால் மிதிக்க மிதிக்க பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் மின்னும். முன்னால போறது சைக்கிள்னு ஓட்டுநருக்கு உடனே புரிஞ்சிடும். உடைஞ்சா மாத்துங்க, அழுக்கானா துடைங்க. ஆனா இது மத்த வண்டியோட வெளிச்சம் பட்டாத்தான் மின்னும். அதனால விளக்குக்குப் பதில் ஆகாது.

3. பெல். சாதாரண இரும்பு பெல் போதும். கட்டைவிரலுக்கு எட்டுற இடத்துல இருக்கணும்.

4. ஹெல்மெட். சைக்கிளுக்குச் சட்டத்துல கட்டாயம் இல்லை. ஆனாலும் தலையில படுற அடிக்குச் சட்டம் தெரியாதே. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளியில உக்காரணும், தாடைப் பட்டைக்குள்ள ஒண்ணு ரெண்டு விரல்தான் நுழையணும். ஒருமுறை பலமா அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீங்க.

5. பூட்டு. பின் சக்கரத்துல இருக்கிற பூட்டு சக்கரம் சுத்தாம நிறுத்தும், அவ்வளவுதான். சைக்கிளையே தூக்கிக்கிட்டுப் போயிடலாம். பஸ் ஸ்டாண்டு, கடைத்தெருன்னு வெளியிடத்துல விட்டா தனியா ஒரு செயின் பூட்டு வாங்கி, ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பத்தோட பூட்டுங்க.

6. செயின் கவர், சேலை கார்டு. துப்பட்டா, தாவணி, வேட்டி, பேண்ட் முனை எதுவா இருந்தாலும் செயின்லயோ சக்கரத்துலயோ சிக்கினா ஆளையே இழுத்துப் போட்டுடும். தம்பி தங்கச்சியைப் பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறவங்க ரொம்பக் கவனம். சின்னக் குழந்தைகளோட கால் ஸ்போக்ஸ்ல மாட்டி ஏற்படுற காயம் மோசமானது. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தடுப்பும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் இல்லாம குழந்தையை ஏத்தாதீங்க.

7. பம்பு, பஞ்சர் சாமான். கைப்பம்பு ஒண்ணு, ரப்பர் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கூடவே ரெண்டு வால்டியூப். பஞ்சர்னு நினைச்சுத் தள்ளிக்கிட்டே வர்ற சைக்கிள்ல பல நேரம் வால்டியூப்தான் கிழிஞ்சிருக்கும்.

கூடை, கேரியர் கயிறு, தண்ணி பாட்டில் ஸ்டாண்டு எல்லாம் இதுக்கப்புறம். கூடையில கனமான பையை வச்சா ஹேண்டில் திரும்ப மறுக்கும். புத்தகப் பை கேரியர்லயே இருக்கட்டும், விளக்கை மறைக்காம. குஞ்சமும் மணியும் வேண்டாம்னு சொல்ல வரலை. ஆசைதான், மாட்டுங்க. முதல் ஆயிரத்துல வேண்டாம்.

செல்போன்ல ரெண்டு நிமிஷ வேலை

சைக்கிளுக்கு மோட்டார் வண்டி மாதிரி பதிவு எண் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அதனாலேயே தொலைஞ்சா இது என்னோடதுன்னு காட்டுறது கஷ்டம். ஃப்ரேம்ல ஒரு எண் அச்சடிச்சிருக்கும். பெரும்பாலும் பெடல் கிராங்க் சேர்ற இடத்துக்கு அடியிலயோ, சீட் கம்பி இறங்குற குழாய்லயோ இருக்கும். அதை ஒரு போட்டோ, முழு சைக்கிளைப் பக்கவாட்டுல ஒரு போட்டோ, பில் இருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டு வையுங்க. போன் மாறினாலும் இருக்கும்.

திருடு போனா பக்கத்துக் காவல் நிலையத்துல புகார் கொடுங்க. தமிழ்நாடு காவல்துறையோட குடிமக்கள் சேவை இணையதளம் வழியாவும் புகார் பதியலாம். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்க. முதல் தகவல் அறிக்கை பதிவானா, அதோட நகலை இலவசமா வாங்கிக்கிறது புகார்தாரரோட உரிமை. ஃப்ரேம் எண்ணும் போட்டோவும் இருந்தா, மீட்கப்பட்ட சைக்கிள் உங்களோடதுன்னு காட்டிடலாம்.

கடையில வாங்கின சைக்கிள்ல குறை இருந்து, கடைக்காரர் கண்டுக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கு பில் வேணும், கேட்டு வாங்குங்க.

முதல் மாதம்

புது சைக்கிள்ல ஸ்போக்ஸும் கேபிளும் ஓட ஓடத் தளர்ந்து கொடுக்கும். ஒரு மாசம் ஓட்டினதும் கடையில காட்டி எல்லாத்தையும் இறுக்குங்க. மிதிக்கும்போது கிராங்க்ல 'டக் டக்'னு சத்தம் கேட்டா பெரும்பாலும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். அப்படியே ஓட்டினா கிராங்க் ஓட்டை தேஞ்சு செலவு கூடும்.

செயினுக்கு எண்ணெய் போட்டதும் மேல வழியுறதைத் துணியால துடைச்சிடுங்க, இல்லைன்னா மண் ஒட்டி செயினைத் தின்னும். ரிம்லயும் பிரேக் கட்டையிலயும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை நாள்ல இன்னொண்ணு. ஈரமான ரிம்முல பிரேக் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாடியே லேசா அழுத்தி, தண்ணியை வழிச்சு விட்டு, அப்புறம் அழுத்திப் பிடிங்க. தண்ணி தேங்கின இடத்துல பள்ளம் எவ்வளவுன்னு தெரியாது, இறங்கித் தள்ளுங்க.

ரோட்டுல எப்பவும் இடது ஓரம். திரும்பும் முன்னால பின்னால பார்த்து, கையை நீட்டிக் காட்டுங்க. இயர்போன் வேண்டவே வேண்டாம்.

போன்ல பதிஞ்சு வச்சுக்கோங்க

அவசர உதவி: 112
ஆம்புலன்ஸ்: 108
பெண்கள் உதவி மையம்: 181
குழந்தைகள் உதவி எண்: 1098
நுகர்வோர் உதவி: 1915
தனியா வந்து போற பெண்கள், காவல்துறையோட 'காவல் உதவி' செயலியையும் போன்ல வச்சுக்கிறது நல்லது.

எங்க தங்கச்சியோட சைக்கிள்ல இப்போ பின்னால ஒரு சிவப்பு விளக்கு மினுக்குது. குஞ்சத்தையும் அவள் கழட்டலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அம்மா வாசல்ல நின்னா, தெருமுனையில அவள் வர்றது முன் விளக்கு வெளிச்சத்துலயே தெரிஞ்சிடுமாம். அதைப் பார்த்த பிறகுதான் அடுப்புல தோசைக்கல்லையே போடுறாங்க.

உங்க வீட்டு சைக்கிள்ல பின் விளக்கு இருக்கா? இன்னைக்கு இருட்டுறதுக்குள்ள ஒருமுறை போய்ப் பாருங்களேன்.