சேர்த்தால்தான் தீருமா? போதைச் சிகிச்சை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குடிநோய்க்கும் பிற போதைப் பழக்கங்களுக்குமான சிகிச்சையில் பெரும்பகுதியைப் புறநோயாளியாக இருந்தபடியே பெற முடியும். நோயாளி வீட்டிலிருந்து வந்து ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்கிறார், ஆலோசகரிடம் அரை மணி நேரம் பேசுகிறார், மாத்திரையோடு வீடு திரும்புகிறார், சில நாள் கழித்து மறுபடி வருகிறார். இப்படி வந்து போவது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் சிகிச்சை பற்றிய பேச்சே ‘எங்கே சேர்க்கலாம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம்’ என்றுதான் தொடங்குகிறது. கட்டணத்தைக் கேட்டதும் பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்தும் போகிறது.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவைச் சார்ந்துபோன நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சியவர்கள் அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த அரசாலும் முடியாது. படுக்கை எல்லோருக்கும் தேவையும் இல்லை.

‘அடைத்து வைத்தால்தான் குடி நிற்கும்’

அடைத்து வைத்திருக்கும்வரை குடி நிற்கும் என்பது உண்மைதான். வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் நடந்து 1989இல் வெளியான ஆய்வு இதை நேராகச் சோதித்தது. மதுவை நிறுத்தும்போது மிதமான பின்விளைவுகள் கண்ட 164 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் புறநோயாளியாகவும் மற்றவர்களுக்கு உள்நோயாளியாகவும் போதைநீக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் 95 விழுக்காட்டினர் அதை முடித்தனர். வெளியிலிருந்து வந்து போனவர்களில் 72 விழுக்காட்டினரே முடித்தனர். முதல் சுற்றில் படுக்கைக்கே வெற்றி. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவு மட்டும் உள்நோயாளிகளுக்கு ஏறக்குறைய பத்து மடங்காகியிருந்தது.

அதற்கு 12 ஆண்டுகள் முன்பே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்ட் இருவரும் இன்னும் துணிச்சலான ஒப்பீட்டைச் செய்திருந்தனர். திருமணமான 100 குடிநோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, தொடர் சந்திப்பு, தேவைப்பட்டால் அனுமதி என முழுச் சிகிச்சை. மறுபாதியினரையும் மனைவியரையும் உட்கார வைத்து விரிவாகப் பரிசோதித்தபின், ஒரே ஒரு அமர்வில் அறிவுரை. ஓராண்டு கழித்து இரு குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தனர். இதை வைத்துச் சிகிச்சையே வேண்டாம் என்று வாதிடுவது முட்டாள்தனம். நல்ல மருந்துகள் பல அப்போது வந்திருக்கவில்லை. ‘எவ்வளவு அதிகமாகச் செய்கிறோமோ அவ்வளவு பலன்’ என்ற எண்ணத்தைத்தான் அந்த ஆய்வு அசைத்தது.

தமிழ்நாட்டிலும் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே சிகிச்சை நடந்திருக்கிறது. சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் குழு, திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் அமைத்துக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. ஊராரின் துணையோடு நடந்த அந்த முகாம்களின் அனுபவம் 1994இல் சர்வதேச மருத்துவ இதழிலும் வெளியானது.

சட்டமும் அடைப்பதை எளிதாக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். முடிவெடுக்கும் திறன் உள்ள ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பதைச் ‘சிகிச்சை’ என்று அழைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

‘வைராக்கியம் இருந்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்’

ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடியைத் தொடாமல் இருந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தியவர்களும் உண்டு. சடங்கும் ஊரார் கண்ணும் தரும் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் ஏராளமாகக் குடித்துவந்த உடம்பு, திடீரென்று நிறுத்தும்போது வைராக்கியத்தைப் பார்ப்பதில்லை.

மது மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கப்பட்ட மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. அடக்கும் பொருளைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, சிறு பங்கினருக்கு, இடம் காலம் தெரியாத குழப்பமும் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரிவதும் காய்ச்சலும் சேர்ந்த நிலை ஏற்படும். மருத்துவம் பார்க்காவிட்டால் இது உயிரைப் பறிக்கக்கூடும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கொண்டுபோகப்படுபவர்களில் இந்த நிலையில் இருப்பவர்களும் அடக்கம்.

இந்தக் கட்டத்தைத்தான் மருந்தால் கடக்க வைக்கிறார்கள். குளோர்டயசெபாக்சைடு, டயசிபாம், கல்லீரல் கெட்டவர்களுக்கு லோராசிபாம் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது வழக்கம். இந்த மாத்திரைகளே பழக்கமாகிவிடக் கூடியவை என்பதால் மொத்தமாகத் தருவதில்லை. ஓரிரு நாளுக்கு உரியதை, கூட வந்த உறவினர் கையில் கொடுத்தனுப்புவதே நல்ல மருத்துவமனைகளின் முறை. வீட்டில் கவனிக்க ஒருவரும், நினைத்தால் மருத்துவமனைக்கு வந்துசேரும் வசதியும் இருந்தால் பெரும்பாலோர் இதை வீட்டிலிருந்தே கடந்துவிடலாம்.

சிலர் மட்டும் இதை வீட்டிலிருந்தபடி கடக்க முயலக் கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர்கள், மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், மதுவோடு தூக்க மாத்திரையும் சேர்ந்து பழகியவர்கள், தனியே வாழும் முதியவர்கள் ஆகியோருக்குப் படுக்கை அவசியம். உள்நோயாளிச் சிகிச்சையின் உண்மையான வேலை இந்த ஆபத்தான நாள்களைக் காப்பது. அது சிகிச்சையின் முதல் வாரம் மட்டுமே.

‘இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்’

தெருமுனை கிளினிக்குகளில் ஏற்றப்படும் குளுக்கோஸ் போதையை இறக்காது. தொடர்ந்து குடிப்பவர் உடலில் தயமின் எனும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற சொச்சத் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படக்கூடும். கண் இயக்கம் கெட்டு, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகப் போன நோயாளிகள் உண்டு.

‘தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் வெறுப்பு வந்துவிடும்’

‘குடிப்பவருக்குத் தெரியாமலே’ என்ற சுவரொட்டி இல்லாத பேருந்து நிலையம் அரிது. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். குடும்பத்தார் ரகசியமாகக் கலக்கும் மருந்துகளில் முதன்மையானது டைசல்ஃபிரம். மதுவின் குணத்தோடு அது மோதும் என்பது 1940களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் ஏறத்தாழ தற்செயலாகக் கண்டறியப்பட்டது. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு சிதைந்து வெளியேறுகிறது. இந்த இரண்டாம் படியை மருந்து தடுத்துவிடுவதால் நச்சு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு அது மரணமாகவும் முடியலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரு வாரம்வரை இந்த விளைவு நீடிக்கக்கூடும்.

ஆகவே டைசல்ஃபிரம் அறிந்து, ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மருந்து. ‘இன்று மாத்திரை போட்டாயிற்று, இனிக் குடிக்க முடியாது’ என்ற தெளிவுதான் அதன் பலன். மனைவியோ அம்மாவோ பார்க்க, காலையில் தானே எடுத்து விழுங்குபவர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது. தெரியாமல் கொடுத்தால் அந்தத் தெளிவு இல்லை; ஆபத்து மட்டும் இருக்கிறது. உண்மை வெளிப்படும் நாளில் வீட்டில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போகும்.

புறநோயாளிப் பிரிவில் இப்போது வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் குடியின் சுகத்தை மங்கச் செய்வதால், ஒரு கட்டிங் போட்டவர் குவாட்டருக்குப் போகும் வேகம் குறைகிறது. அபின் வகைப் போதையில் இருப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் நிறுத்தியவரின் தவிப்பைத் தணிக்கிறது. அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் கவனம் தேவை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு பேக்லோஃபென் சில இடங்களில் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1383 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், நால்ட்ரெக்ஸோனும் மருத்துவரின் முறையான சந்திப்புகளும் சேர்ந்தபோது, எவரையும் மையத்தில் தங்க வைக்காமலே நல்ல பலன் கிடைத்தது.

‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’

ஹெராயினுக்கும் அபின் வகை மாத்திரைகளுக்கும் பழகியவர்களுக்குத் தரப்படும் பியூப்ரினார்பின் பற்றிய குற்றச்சாட்டு இது. படித்தவர்களே அதிகம் சொல்வது. நாக்கடியில் வைக்கும் இந்த மாத்திரை, ஹெராயின் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில் ஒட்டி, ஓரளவுக்கு மட்டும் அவற்றைத் தூண்டுகிறது. அளவைக் கூட்டினாலும் ஒரு வரம்புக்கு மேல் விளைவு ஏறாது. உடல்வலியும் தவிப்பும் அடங்கும்; பழகியவருக்கு மயக்கம் வராது; வேலைக்குப் போகலாம். கூடவே சேர்க்கப்படும் நாலோக்ஸோன், கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் ஆசையைத் தடுக்கிறது. நாளுக்கு நான்கு முறை பொருள் தேடி ஓடும் வாழ்க்கையையும், நாளொன்றுக்கு ஒரு மாத்திரையோடு பட்டறைக்குப் போகும் வாழ்க்கையையும் ஒன்றென்று சொல்ல முடியாது.

இந்த வகைப் போதையில் வெறுமனே நிறுத்திவிட்டு அனுப்புவதுதான் பெரிய ஆபத்து. சில வாரம் பொருளில்லாமல் இருந்த உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீட்டில், இதே நோக்கில் தரப்படும் இன்னொரு மருந்தான மெத்தடோனை எடுத்துக்கொண்டிருந்தபோது ஆண்டுக்கு 1000 பேருக்கு 11 மரணங்கள். அதே சிகிச்சையை விட்டு விலகியிருந்த காலத்தில் 36. பியூப்ரினார்பினிலும் விலகிய பின் மரணம் இரு மடங்குக்கு மேல்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் புறநோயாளி முறையில் செய்து பார்த்த மாநிலம் பஞ்சாப். அங்கே 2017 அக்டோபரில் மோகா, தரன் தாரன், அமிர்தசரஸ் மாவட்டங்களில் தொடங்கிய சிகிச்சையகங்கள் பிறகு மாநிலமெங்கும் பரவின. முதலில் தினமும் வந்து செவிலியர் கண்முன்னே மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தினக்கூலிக்காரருக்கு அது பாதிக் கூலி இழப்பு. 2020இன் ஊரடங்கில் வீட்டுக்கே மாத்திரை கொடுத்தனுப்ப வேண்டிவந்ததும் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் கஞ்சாவுக்கு இப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஏதும் இல்லை. கஞ்சாப் பழக்கத்துக்கு ஆலோசனையே சிகிச்சை.

‘பட்டுத் திருந்தி அவராக வந்தால்தான் உண்டு’

எல்லாம் இழந்து வருபவரைவிட வேலையும் குடும்பமும் கையில் இருக்கும்போதே வருபவர் தேறுவது எளிது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேறு காரணங்களுக்காக வந்த ஆண்களில், தீங்கான அளவில் குடிக்கும் 377 பேரைக் கண்டறிந்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் குழுவில் 42 விழுக்காட்டினர் முந்தைய 14 நாள்களில் குடிக்கவே இல்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 18 விழுக்காடு. இவர்கள் குடியை விட மருத்துவமனை தேடி வந்தவர்கள் அல்ல என்பது முக்கியம்.

ஆள் வரவே மறுத்தாலும் வழி உண்டு. மனைவியோ பெற்றோரோ மட்டும் ஓ.பி.க்குப் போகலாம். எப்போது பேசுவது, எப்போது விலகுவது, குடிக்காத நாளை எப்படி மதிப்பது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் முறை அமெரிக்காவில் உருவானது. 130 குடும்பத்தினரோடு நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையில் 64 விழுக்காட்டினர் தம் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். உறவினர்களைக் கூட்டி ஆளை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் முறையில் அது 30 விழுக்காடு. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இந்தக் குறை பொருந்தக்கூடும்.

‘மறுபடி குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றது’

போதைநோயில் சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பழைய பழக்கத்துக்குத் திரும்புகின்றனர் என்று 2000ஆம் ஆண்டின் ஒரு புகழ்பெற்ற மதிப்பீடு சொல்கிறது. ரத்தக்கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் மருந்தை விட்டு மறுபடி மோசமாகிறவர்களின் பங்கும் இதற்குக் குறைந்ததல்ல. ரத்தக்கொதிப்பு ஏறினால் மருந்தை மாற்றுகிறார்கள். குடிநோயாளி சறுக்கினால் மட்டும் ‘இவனுக்குச் செலவழித்தது வீண்’ என்கிறார்கள். சறுக்கிய மறுநாளே ஓ.பி.க்கு வருபவர் விரைவில் மீள வாய்ப்பு அதிகம். அவமானத்துக்கு அஞ்சி ஆறு மாதம் ஒளிபவர் பழைய இடத்துக்கே போய்விடுவார். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் நடக்கும், குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களின் பயன் இங்கேதான். கட்டணமில்லை, சறுக்கியவரை ஏளனம் செய்வோரும் இல்லை. ஆனால் அவை மருந்துக்கு மாற்றல்ல. அங்கே யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது மருத்துவ ஆலோசனை ஆகாது.

‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசில் மாட்டிவிடுவார்கள்’

மதுவுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. கஞ்சா, ஹெராயின் போன்றவற்றில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய எண்ணிலோ, மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 எண்ணிலோ கட்டணமின்றிக் கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள மனநலப் பிரிவின் ஓ.பி.யே இதற்கும் உரிய இடம்.