தாய்லாந்தில் ஓய்வுக்காலமா? முதலில் வாடகைக்கே போங்கள்

வடக்கே உள்ள சியாங் மாயில் வாடகை மலிவுதான். ஆனால் ஓய்வுக்கால விசா 50 வயது நிறைந்தவர்களுக்கே. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இருப்புப் பணத்தை விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பே போட்டு, கிடைத்தபின் 3 மாதம் தொடாமல் வைக்க வேண்டும்; அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வேலை பார்க்க அனுமதி இல்லை. 90 நாளுக்கொரு முறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும்.

சொந்த வீடு ஆசை இருந்தால்: வெளிநாட்டவர் பெயரில் பொதுவாக நிலம் பதிவாகாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம். அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே அனுப்பி, வங்கிச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதிவின்போது நில அலுவலகத்தில் கேட்பார்கள். உள்ளூர்க்காரர் பெயரில் நிலம் முடித்துத் தருகிறேன் என்னும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, புகை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிப்பதால் வடக்கே மூச்சு முட்டும். அதனால் ஊர் ஒத்துவருமா என்று பார்க்க மார்ச்சிலேயே போங்கள். டிசம்பரில் எல்லா வீடும் அழகாகத்தான் தெரியும். ஆஸ்துமாக்காரர்கள் தெற்கே, கடலோரம் ஹுவா ஹின் பக்கம் விசாரிக்கலாம்.