இரண்டு உரம், நான்கு பாத்தி

"மணிச்சத்து இட்டும் நெல் கூடவில்லையே" என்று செட்டிநாட்டு மானாவாரி விவசாயிகள் சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடை காண உதவுவது காரணி முறைச் சோதனை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஃபிஷர் 1926-லேயே இதை வலியுறுத்தினார்.

நான்கு பாத்திகள் போதும். ஒன்றில் உரமில்லை, அடுத்ததில் தழைச்சத்து மட்டும், மூன்றாவதில் மணிச்சத்து மட்டும், நான்காவதில் இரண்டும். கணக்கு விளங்குவதற்காக, ஏக்கருக்கு முறையே 1,000, 1,200, 1,100, 1,600 கிலோ கிடைத்ததாகக் கொள்வோம். தனித்தனியே கூடியது 200, 100, ஆக 300. சேர்த்து இட்டபோது கூடியதோ 600! மிகுதி 300 கிலோ, இரண்டும் கூடியதால் வந்த பலன்.

மணிச்சத்தின் சராசரிப் பலன் 250 கிலோ என்று அறிக்கை சொல்லும். அதை நம்பி, தழைச்சத்து இடாமல் சூப்பர் பாஸ்பேட் மட்டும் வாங்குபவருக்குக் கிடைப்பது 100 கிலோதான். மூட்டை விலைக்கு அது கட்டுமா?

ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது. நம் செம்மண் வயலில் பத்தடிக்குள் சரளையும் பள்ளமும் மாறி வரும். ஆகவே நான்கு பாத்திகளையும் மூன்று, நான்கு இடங்களில், சீட்டுக் குலுக்கி வரிசை மாற்றி அமைக்க வேண்டும். ஒரே உரமிட்ட பாத்திகளுக்குள்ளேயே 300 கிலோ வித்தியாசம் வந்தால், மேலே சொன்ன கூட்டுப் பலனை நம்ப வேண்டாம். பாத்திகளுக்கு இடையே வரப்பு உயரமாக இருக்கட்டும். மழைநீரோடு உரம் அடுத்த பாத்திக்குப் போய்விடும். அறுவடையில் ஓரத்து இரண்டு வரிசைகளைத் தள்ளிவிட்டு, நெல்லைக் காயவைத்துத் தனித்தனியே எடை போடவும்.