முடியை எண்ணிப் பெயர் வைப்பவர்கள்

கேள்வி: ஐரோப்பியக் காடுகளில் ஊசியிலைச் சருகைக் குவித்துப் பெரிய பெரிய புற்று கட்டும் செவ்வெறும்புகள் எல்லாம் ஒரே இனமா?

பதில்: இல்லை. 1761-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ‘ஃபார்மிகா ரூஃபா’ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். அதன் பங்காளிகள் பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தனி இனமாகப் பிரித்து அறியப்பட்டன. நுண்ணோக்கியில் உடம்பு முடியை எண்ணித்தான் அடையாளம் காண்பார்கள். ரூஃபாவுக்கு முடி அதிகம். 1850-இல் பெயர் பெற்ற அதன் பங்காளி ‘பாலிக்டீனா’வுக்கு மிகக் குறைவு. ஆனால் இவை இரண்டும் கலந்து கலப்பினம் பிறக்கும்; அதன் முடிக்கணக்கு நடுவில் நிற்கும்! அதனால் ஒற்றை எறும்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரே புற்றில் பல வேலைக்கார எறும்புகளை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

என்னை வியக்கவைப்பது ஆல்ப்ஸ் மலை எறும்புதான். ‘லுகுப்ரிஸ்’ என்ற ஒரே செவ்வெறும்பு இனம் என்று நம்பிய கூட்டத்துக்குள் இன்னோர் இனம் ஒளிந்திருந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் சைஃபர்ட் 1996-இல்தான் அதைப் ‘பாராலுகுப்ரிஸ்’ என்று பிரித்தார்.